தொட்டியின் அடியில் தொங்கும் தண்ணீர்

வயலில் வாழையைத் தாங்கி நிறுத்தும் மண், மாடியில் இருக்கும் சிமென்ட் தொட்டிக்குள் போனதும் அதே வாழையின் வேரை அழுக வைக்கிறது. ஒரே லாரியில் வந்த செம்மண்தான். பாதியைத் தோட்டத்தில் கொட்டினார்கள், மீதியைச் சாக்கில் கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். தோட்டத்து வாழை குலை தள்ளுகிறது. மாடி வாழை ஐப்பசி மழை ஓய்வதற்குள் மஞ்சளாகிச் சாய்கிறது. நர்சரிக்காரரைக் கேட்டால், "மண்ணுல சத்து பத்தல சார்" என்று ஒரு பை உரத்தை எடுத்துக் கொடுப்பார். சத்துக்கும் இதற்கும் அநேகமாகச் சம்பந்தம் இருக்காது. அந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தோட்டத்தில் கீழேயும் மண். மாடியில் ஓர் அடிப்பலகை, அதில் நாலைந்து துளைகள், அவ்வளவுதான்.

மண் என்று கையில் அள்ளுவதில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் உள்ள சந்துகள். மழை பெய்தால் அவற்றில் தண்ணீர் நிற்கும், வடிந்ததும் காற்று நுழையும். எந்தச் சந்து தண்ணீரை விடும், எது விடாது என்பதை அதன் அகலம் தீர்மானிக்கிறது. ஜேம்ஸ் ஜூரின் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1718-இல் இதற்கான கணக்கைச் சொன்னார்: மெல்லிய குழாயில் நீர் ஏறும் உயரம், குழாயின் விட்டம் குறையக் குறைய அதே விகிதத்தில் கூடும். 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் தண்ணீர் சுமார் 3 சென்டிமீட்டர் ஏறி நிற்கும். விட்டம் 0.1 மில்லிமீட்டர் என்றால் 30 சென்டிமீட்டர். 0.01 என்றால் 3 மீட்டர், ஒரு வீட்டுக் கூரையின் உயரம். ஏறி நிற்கும் என்பதைத் திருப்பிப் போட்டால், அந்த உயரம்வரை வடியாமல் பிடித்து வைத்திருக்கும் என்று பொருள்.

இப்போது 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள மண்ணின் சந்துகள் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரும் அதற்குக் குறைவும் என்றால், எத்தனை துளை போட்டிருந்தாலும் அந்தத் தொட்டி மேலிருந்து கீழ்வரை நனைந்தபடியேதான் இருக்கும். அடைப்பு எதுவும் இல்லை. துளைகள் திறந்தே இருக்கின்றன. தண்ணீருக்குக் கீழே இறங்கும் அவசியம் இல்லை, அவ்வளவுதான். மண்ணின் சந்துகள் கண்ணாடிக் குழாய் போல நேராகவும் சீராகவும் இருப்பதில்லை என்றாலும் கணக்கின் போக்கு இதுவே. அதே மண்ணை 60 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியில் நிரப்பினால் கீழ்ப்பாதி ஊறிக் கிடக்கும், மேற்பாதியில் காற்று புகும். தோட்டத்திலோ சந்துகளில் நிற்கும் நீர்த்தூண் மீட்டர் கணக்கில் கீழே நீள்கிறது. அதன் எடையே மேலே உள்ள சந்துகளிலிருந்து நீரை இழுத்துவிடுகிறது. மழை விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ வேர் இருக்கும் இடத்தில் காற்று வந்துவிடும். ஆழம் என்பது வேர் பரவ இடம் என்று மட்டும் நினைக்கிறோம். உண்மையில் அதுதான் தொட்டியின் வடிகால்.

நம்பக் கடினமாக இருந்தால் பாத்திரம் தேய்க்கும் செவ்வகப் பஞ்சு ஒன்று போதும். அதை நன்றாக நனைத்து, படுக்கை வாட்டில் பிடித்துக்கொண்டு, சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். பிழியக் கூடாது. நின்றதும், பக்கவாட்டில் திருப்புங்கள், மறுபடி கொட்டும். அதுவும் நின்ற பிறகு செங்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் ஒழுகும். பஞ்சு மாறவில்லை, அதிலுள்ள துளைகளும் மாறவில்லை. உயரம் கூடியது. ஊறிய அடிப்பகுதியின் தடிமன் ஒவ்வொரு நிலையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உயரம் கூடினால் அதற்கு மேலே உலர்ந்த பகுதி கூடுகிறது. ஆகவே அகலமான, ஆழமற்ற, பார்க்க லட்சணமான நீளத் தொட்டிகள் வேருக்கு மிக மோசமானவை. கட்டடக் கலைஞர்களுக்கு அவைதான் பிடிக்கும் என்பது நம் தலைவிதி.

ஊறிய அந்த அடிப்பகுதியைக் குறைக்கத்தான் அடியில் ஜல்லி போடுகிறோம் என்பார்கள். ஊருக்கு ஊர், தாத்தா காலத்திலிருந்து சொல்லப்படும் யோசனை. அது வேலை செய்யாது, கெடுதலும் செய்யும். நுண்ணிய சந்தில் இருக்கும் நீர், அதைவிடப் பெரிய சந்துக்குள் தானாக இறங்காது. மேலே உள்ள மண் முழுக்கத் தெவிட்டி, அழுத்தம் கூடிய பிறகே ஜல்லிக்குள் சொட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்ட்னர் 1950-களின் இறுதியில் கண்ணாடிச் சுவர் கொண்ட பெட்டிகளில் மண் அடுக்குகளை வைத்து நீர் நகர்வதைப் படம்பிடித்துக் காட்டினார். மேலே நுண்மண், கீழே பரு மணல். ஈரத்தின் விளிம்பு இறங்கி வந்து, எல்லைக்கோட்டில் அப்படியே நின்றுவிடுகிறது. பக்கவாட்டில் பரவுகிறதே தவிர, கீழே போக மறுக்கிறது. 50 சென்டிமீட்டர் தொட்டியில் 10 சென்டிமீட்டர் ஜல்லி போட்டால் ஊறிய அடுக்கு மறையாது. 10 சென்டிமீட்டர் மேலே ஏறி, வேருக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொள்ளும். துளை வழியே மண் ஒழுகாமல் இருக்க ஓர் ஓட்டுச் சில்லோ கொசுவலைத் துண்டோ போதும்.

சரி, ஈரமாக இருந்தால்தான் என்ன? செடிக்குத் தண்ணீர்தானே வேண்டும்?

வேருக்கு மூச்சும் வேண்டும். இலையைப் போல அதனால் ஒளியைக் கொண்டு உயிர்வளி தயாரிக்க முடியாது. மேலிருந்து சந்துகள் வழியே கசிந்து வரும் ஆக்சிஜனைத்தான் அது நம்பியிருக்கிறது. காற்று நிறைந்த சந்தில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீர் நிறைந்த சந்தில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. அதாவது, தண்ணீர் நின்ற சந்து வேரின் கணக்கில் ஏறக்குறைய மூடப்பட்ட கதவு. இங்கேதான் நம் ஊர் வெயில் வந்து சேர்கிறது. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம், 30 டிகிரியில் 7.5. ஆனால் வேரின் சுவாசமோ 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. கூடவே மண்ணில் வாழும் நுண்ணுயிரிகளின் சுவாசமும். வரவு குறையும் நேரத்தில்தான் செலவு கூடுகிறது. லண்டனின் குளிரில் ஒரு செடி நாட்கணக்கில் பொறுத்துக்கொள்ளும் ஈரத்தை, மதுரை மாடியில் அதே செடி அவ்வளவு நாள் பொறுக்காது. நேர்வெயில் படும் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியின் சுவரை ஒட்டிய மண் 50 டிகிரியையும் தாண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூச்சுத் திணறும் வேர் செய்யும் காரியம் விசித்திரமானது: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறது. வேரின் உயிரணுக்களின் சவ்வில் நீருக்கென்றே தனி வாயில்கள் உண்டு. அக்வாபோரின் என்ற புரதங்களால் ஆனவை. ஆக்சிஜன் தீர்ந்ததும் உயிரணுவுக்குள் அமிலத்தன்மை கூடுகிறது, வாயில்கள் மூடிக்கொள்கின்றன. பிரான்சின் மான்ட்பெல்லியே நகர ஆய்வாளர்கள் 2003-இல் இந்தப் பொறியமைப்பை வெளிப்படுத்தினார்கள். விளைவு நம் மாடியில் தெரியும். மண் சொதசொதவென்று இருக்கிறது, இலையோ தாகத்தில் வாடுவது போலத் தொங்குகிறது. வீட்டுக்காரர் பதறிப்போய் இன்னொரு வாளித் தண்ணீர் ஊற்றுகிறார். அடுத்த வாரம் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லாமல் வாழத் தெரிந்த பாக்டீரியாக்கள் குடியேறிவிட்டன என்று பொருள். போட்ட நைட்ரேட் உரத்தில் ஒரு பகுதியை இவற்றின் இனத்தவர் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். "சத்து பத்தல" என்ற நர்சரிக்காரரின் வாக்கு அப்படி ஒரு சுற்றுவழியில் உண்மையாகிவிடும்.

சேம்பும் கல்வாழையும் இதற்கு விலக்கு. அவற்றின் தண்டிலும் வேரிலும் காற்று போகும் குழல்கள் இருக்கின்றன. இலையிலிருந்தே வேருக்குக் காற்று இறங்கும். நெல்லும் தாமரையும் அதே வழியில்தான் சேற்றில் பிழைக்கின்றன. வாழைக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது. "வெப்பமண்டலச் செடி" என்று ஒரே பெயரில் விற்கப்படுகிறவை உண்மையில் ஓர் இனமாக நடந்துகொள்வதில்லை. கொலம்பியா, ஈக்வடார் மழைக்காடுகளின் ஆந்தூரியம், மக்கிய இலையிலும் மரப்பட்டையிலும் வேரோட்டி வாழும் குடும்பத்தது. மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளின் மான்ஸ்டெரா, மரத்தைப் பற்றி ஏறி வேர்களைக் காற்றிலேயே தொங்கவிடும். நம் கோயில்களில் சொந்தக்காரரைப் போல நிற்கும் ஈழத்தலரியின் பூர்வீகமும் அதே மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கம்தான். ஆனால் அது வறண்ட காடுகளின் பிள்ளை, மாதக்கணக்கில் இலை உதிர்த்து நிற்கப் பழகியது. மூன்றையும் ஒரே தொட்டியில் நடுவது அழகாக இருக்கும், சில மாதங்களுக்கு.

இன்னொரு மயக்கமும் உண்டு. இத்தனை பச்சையாக வளரும் காட்டின் மண் கொழுத்த மண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துத் தொட்டி நிறைய எருவைக் கொட்டுகிறோம். பெரும்பாலான மழைக்காடுகளின் மண் ஏழை மண். பல்லாயிரம் ஆண்டு மழை அதன் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. சத்தெல்லாம் மரங்களிலும் தரையில் கிடக்கும் சருகிலும்தான் இருக்கிறது. சருகு மக்கிய வேகத்தில் மேல்மட்ட வேர்வலை அதை உறிஞ்சிவிடும். காடு தன் வேருக்குத் தருவது காற்றோட்டமுள்ள தளர்ந்த தரையும், விடாமல் துளித்துளியாய் வந்துகொண்டிருக்கும் உணவும். அந்த இரண்டையும் தொட்டியில் செய்துவிட்டால் போதும்.

அதைச் செய்யப் புறப்பட்ட மேலைநாட்டவர் கதை ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு ரகசியக் கலவை வைத்திருந்தார்கள். 1930-களில் லண்டனுக்கருகே மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லாரன்சும் ஜான் நியூவெலும் இந்த ரகசியங்களைச் சோதித்துப் பார்த்து, ஏறக்குறைய எல்லாச் செடிக்கும் ஒரே அடிப்படைக் கலவை போதும் என்று நிறுவினார்கள்: நீராவியில் சூடேற்றிக் கிருமி நீக்கிய தோட்ட மண் 7 பங்கு, பீட் எனும் சதுப்புநில மக்கு 3 பங்கு, பரு மணல் 2 பங்கு. 1957-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கென்னத் பேக்கர் குழுவினர் மண்ணையே விட்டுவிட்டார்கள். நுண்மணலும் பீட்டும் மட்டும். 1960-களில் கார்னெல் பல்கலைக்கழகம் மணலையும் எடுத்துவிட்டு, சூட்டில் பொரித்த தாதுக்களான வெர்மிகுலைட்டையும் பெர்லைட்டையும் சேர்த்தது. இன்று தோட்டக்கலை நூல்கள் சொல்லும் பெரும்பாலான கலவைகள் இவற்றின் வாரிசுகள். நம்மிடம் பீட் கிடையாது. அது குளிர்நாட்டுச் சதுப்பில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் சேர்வது.

நம்மிடம் இருப்பது பொள்ளாச்சி. தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கு நாரை உரித்தபின் மிஞ்சும் பழுப்புத் தூள், நார் ஆலைகளின் பின்னால் குன்று குன்றாகக் குவிந்து கிடந்த காலம் உண்டு. எரித்தால் புகை, விட்டால் மழையில் கறுப்புச் சாறு. இன்று அதை அழுத்தி 5 கிலோ கட்டிகளாக்கி, கோகோபீட் என்று பெயரிட்டுக் கப்பலேற்றுகிறார்கள். நெதர்லாந்தின் பசுமைக்குடில்களில் அதிலும் தக்காளி காய்க்கிறது. ஒரு கட்டி தண்ணீரில் ஊறினால் 70 லிட்டருக்குமேல் உப்பும். தன் எடையைப் போல் பல மடங்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், அப்போதும் கொஞ்சம் காற்றை உள்ளே வைத்திருக்கும். லிக்னின் மிகுதி என்பதால் எளிதில் மக்காது.

ஆனால் அதைச் சந்தேகத்தோடு வாங்க வேண்டும். மட்டையிலேயே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. உவர்நீரில் ஊறிய சரக்கென்றால் உப்பு இன்னும் கூடும். இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிவது முதல் வேலை. அலசினாலும் துகளின் மேல் ஒட்டியிருக்கும் பொட்டாசியம், சோடியம் போகாது. பிறகு நாம் தரும் கால்சியத்தைத் தூள் பிடித்துக்கொண்டு அவற்றை வெளியே விடும். செடிக்குக் கால்சியம் கிடைக்காது. ஏற்றுமதி ஆலைகள் இதற்காகவே கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் கழுவுகின்றன. இன்னொன்று: பச்சையான நார்த்தூளில் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு நூறு பங்குக்கும் மேல் கார்பன். அதைத் தின்ன வரும் நுண்ணுயிரிகள் நைட்ரஜனுக்காகச் செடியோடு போட்டி போடும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் சேர்த்து இதை மக்கவைக்கும் முறையைக் கண்டு, அந்த விகிதத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக் காட்டியது. காடுகளில் விழுந்த மரத்தைக் காளான் தின்பதும் இதே வேலைதான்.

அடுத்தது மண். தொட்டிக்கு மண்ணே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. சிறு தொட்டிக்கு அது சரி. ஆளுயர மரம் நிற்கும் பெட்டிக்குக் கொஞ்சம் களி வேண்டும். களித்துகளின் மேற்பரப்பு சத்துகளை மின்னேற்றத்தால் பிடித்து வைக்கும். மரத்துக்குக் கால் ஊன்ற எடையும் வேண்டும். எந்தக் களி என்பதுதான் கேள்வி. கரிசலின் களி நீர் பட்டால் ஊதி, காய்ந்தால் சுருங்கும். தொட்டியில் அது காய்ந்ததும் சுவரை விட்டு விலகி ஓர் இடைவெளி விடும். ஊற்றிய தண்ணீர் அத்தனையும் அந்த வழியே ஓடி அடியில் வெளியேறும், வேர்க்கட்டி நனையாது. செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட். அது சத்தைப் பிடிப்பதில் கரிசலுக்குப் பல மடங்கு பின்தங்கியது, ஆனால் ஊதாது. தொட்டிக்கு அந்தச் சோம்பல் நல்லது.

களிமண்ணில் கொஞ்சம் மணல் சேர்த்தால் இளகிவிடும் என்பது ஜல்லியைப் போலவே நிலைத்துவிட்ட இன்னொரு நம்பிக்கை. ஒரு வாளி நிறைய முக்கால் அங்குல ஜல்லியைப் போட்டு, அதன்மேல் மணலைக் கொட்டிக் குலுக்குங்கள். வாளியின் கொள்ளளவில் 40 சதவீதத்தை ஒட்டிய மணல், மட்டம் உயராமலேயே உள்ளே போய்விடும். மண்ணும் மணலும் கலந்தாலும் இதுவே நடக்கும். பாதிக்குப் பாதி கலந்தால், மணலின் சந்துகளைக் களி அடைத்துவிடும். இரண்டில் எதனுடைய காற்றோட்டமும் மிஞ்சாது. பருத்த துகள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்று ஒரு கூடு கட்ட வேண்டும். அதற்கு அவை அந்த மண்-மணல் கலவையில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் எம்-சாண்டில் கல்தூள் நிறைய. அப்படியே போட்டால் அந்தத் தூள் சந்துகளைப் பூசிவிடும். சலித்து, 2 மில்லிமீட்டருக்கு மேல் நிற்பதைக் கழுவி எடுக்கலாம். அதைவிட எனக்குப் பிடித்தது உடைத்த செங்கல்: எடை குறைவு, அதற்குள்ளேயே நுண்துளைகள் உண்டு, இடிக்கும் வீடு எந்தத் தெருவிலும் கிடைக்கும். சிமென்ட் பூச்சு ஒட்டிய துண்டுகளைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். உமிக்கரியும் நல்லது, சிலிக்கா மிகுந்தது, எளிதில் மக்காது.

ஆக, 50 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழமுள்ள தொட்டிக்கு நான் சொல்லும் கணக்கு: பத்து வாளியில் இரண்டு செம்மண், ஒன்று நன்கு மக்கிய மண்புழு உரம் அல்லது தொழுவுரம், மூன்று செங்கல் துண்டும் உமிக்கரியும், மீதி நான்கு தேங்காய் நார். அந்த நான்கில் பாதியாவது தூளாக இல்லாமல், வெட்டிய மட்டைத் துண்டுகளாக இருக்கட்டும். ஆந்தூரியத்துக்குச் செம்மண்ணை விட்டுவிட்டு மட்டைத் துண்டையும் கரியையும் கூட்டலாம். ஈழத்தலரிக்கு நாரைப் பாதியாக்கிச் செங்கல்லை ஏற்றலாம். சரியா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். அடியில் துளையிட்டு அடைத்த 10 லிட்டர் வாளியில் கலவையை நிரப்பி, மேலே பளபளக்கும்வரை மெல்லத் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, அடைப்பைத் திறந்து ஒழுகுவதைப் பிடித்து அளந்தால், அதுதான் கலவைக்குள் காற்று பிடிக்கும் இடம். 2 லிட்டர் ஒழுகினால் 20 சதவீதம்; பெரும்பாலான செடிக்கு அது தாராளம். ஒரு லிட்டருக்குக் கீழே என்றால் மழைக்காலத்தில் ஆபத்து. வாளியைவிடத் தொட்டி ஆழம் என்பதால் அங்கே நிலைமை இதைவிட நன்றாகவே இருக்கும்.

இந்தக் கலவைக்கு இன்னொரு நியாயமும் உண்டு, அது கட்டடத்தைப் பற்றியது. நனைந்த வயல்மண் ஒரு கன மீட்டருக்கு 1.8 டன்னை ஒட்டி நிற்கும். 60 சென்டிமீட்டர் ஆழத்தில் அது சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்குமேல். ஏறிப் புழங்கும் கூரைக்கு இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 வைத்திருக்கும் புழங்குசுமையோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நார்க்கலவை எடையைப் பாதிக்கு அருகே கொண்டுவரும். அப்போதும் விதியைப் பல மடங்கு மீறும். பெரிய தொட்டியைச் சுவருக்கும் பீமுக்கும் மேலாக வைக்க வேண்டும், அதற்கு முன் ஒரு பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்ட வேண்டும்.

புதிய சிமென்ட் தொட்டி என்றால் அதன் சுவரிலிருந்து சுண்ணம் கசிந்து மண்ணைக் காரமாக்கும். சென்னையின் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் மீதிக் காரியத்தை முடிக்கும். கார மண்ணில் இரும்பு இருந்தும் செடிக்குக் கிடைக்காது; இட்லிப்பூச் செடி இதை முதலில் காட்டிக்கொடுக்கும், புதுத்துளிரில் நரம்பு பச்சையாகவும் இலை வெளிர் மஞ்சளாகவும். தொட்டியைச் சில வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றி மாற்றிக் கொட்டுவதும், மழைநீரைச் சேர்த்து ஊற்றுவதும் உதவும்.

எல்லாம் சரியாகச் செய்த தொட்டியிலும் ஓர் ஆண்டில் மட்டம் சில விரற்கடை இறங்கியிருக்கும். மண் ஒழுகவில்லை. மக்கிய பொருளின் கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில் போய்விட்டது. வெப்பம் கூடிய ஊரில் இது வேகமாக நடக்கும். மக்க மக்கத் துகள் சிறுக்கிறது, சந்தும் சிறுக்கிறது, அடியில் ஊறிய அடுக்கு மெல்ல உயர்கிறது. இறங்கிய அளவுக்கு மேலே எரு போட்டு நிரப்புவது தண்டின் கழுத்தைப் புதைத்து அழுக வைக்கும். கல்வாழை, ஹெலிகோனியா என்றால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கோடைக்கு முன் கிழங்கைப் பெயர்த்து, பிரித்து, கலவையைப் புதுப்பித்து நட்டுவிடலாம். ஈழத்தலரியை அப்படிப் பெயர்க்க முடியாது. அது பல ஆண்டுகள் ஒரே தொட்டியில் நிற்கப்போகிறது. அதற்கான தொட்டியில் மக்கும் பொருளை முதலிலேயே குறைத்துவிட்டு, செங்கல்லும் கரியும் பாதிக்குமேல் இருக்கும்படி நிரப்பி, உணவை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.